ஞாயிறு மாலை: ராமநாதபுரம் சக்கரக்கோட்டைக் கண்மாயில் சோளக்குருவி (Rosy Starling) பார்க்கப் போகிறோம்

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 18, ஞாயிறு மாலை 4.45-க்குக் கண்மாய்க் கரையில் கூடுகிறோம்.

1. பொழுது 6.15 வாக்கில் சாயும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான் குருவிக் கூட்டம் அடைய வரும், தயவுசெய்து பிந்தாதீர்கள்.

2. முதலில் வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கருந்தலையும் இளஞ்சிவப்பு முதுகும் துலங்கும். வெளிர் பழுப்பாய் இருப்பவை இளங்குருவிகள். பிறகு மேற்கே திரும்புங்கள். கூட்டம் புகைபோல் சுருண்டு விரிவது சிவந்த வானத்தில்தான் எடுப்பாகத் தெரியும். திடீரெனப் பந்தாய் இறுகினால் சுற்றிலும் பாருங்கள், வல்லூறு வந்திருக்கலாம்.

3. 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் போதும். அதிகம் பெரிதாக்கினால் கூட்டம் கண்ணுக்குள் அடங்காது.

4. ஃபிளாஷ், டார்ச் கூடாது. அடைந்த குருவி மிரண்டு எழும்பிவிடும். கருவேல மரத்தடியில் நிற்க வேண்டாம், எச்சம் விழும்.

வருவோர் ஆள் எண்ணிக்கையையும், வண்டியில் இடம் உண்டா என்பதையும் வெள்ளி இரவு 8-க்குள் இங்கேயே பதிவிடுங்கள்.