900-ஆல் வகுத்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறப்பதால், பயண நேரத்தைக் கணக்கிட, தூரத்தை 900-ஆல் வகுத்தால் போதும் என்றே பலரும் எழுதுகிறார்கள். சென்னை – லண்டன் ஹீத்ரோ நேர்த்தூரம் சுமார் 8,200 கி.மீ. வகுத்தால் ஒன்பது மணி நேரம் வரும். உண்மையில் போகும்போது ஏறக்குறைய 11 மணி நேரமும், திரும்பும்போது 10 மணி நேரமும் ஆகிறது.

மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் வேகக்காற்று போகையில் எதிர்க்கிறது, வருகையில் தள்ளிவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க வரிசையில் வட்டமடிப்பதும் டிக்கெட் நேரத்தில் அடக்கம். 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டிருப்பதால் சுற்றிப் போக வேண்டியும் இருக்கிறது. இணையத்தில் தூரம் மைலில் இருந்தால், எந்த மைல் என்று பாருங்கள்: கடல் மைல் 1.852 கி.மீ., சாதா மைல் 1.609. இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 5.30-க்குக் கிளம்பி 11.50-க்கு லண்டனில் இறங்கினால் பயணம் 6.20 மணி நேரம் அல்ல. லண்டன் கடிகாரம் நம்முடையதைவிடப் பின்தங்கியிருப்பதால், அங்கே கோடை நேரம் நடக்கும்போது 4.30 கூட்ட வேண்டும், ஆக 10.50. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 5.30 கூட்ட வேண்டும்.

வடசென்னைக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் நள்ளிரவில் ரயில் கிடையாது. அதிகாலை விமானம் என்றால் இரவு கடைசி ரயிலைப் பிடியுங்கள், இல்லையேல் டாக்சிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

– வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை – 81