டேப் பிடிமானத்துக்குத்தான், கரண்டுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுக் குறிப்பு பகுதியை என் மனைவி வாசித்துக் காட்டினாள். கட்டிங் பிளேயரின் கைப்பிடி உறை கிழிந்துவிட்டால் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றினால் போதும், வழுக்காது, ஷாக்கும் அடிக்காது என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வழுக்காது என்பது சரி. ஷாக் அடிக்காது என்பதை நம்பி நான் ஒருமுறை ஸ்டூலோடு கீழே விழுந்திருக்கிறேன்.

ராஜபாளையத்தில் முப்பத்தைந்து வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அது 1993, ஐப்பசி மழை. ஒரு வீட்டில் இரும்பு மெயின் பாக்ஸுக்கு மேலே கரண்ட் வரும் பேஸ் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். மெயினை அணைக்காதது என் தப்பு, மறைக்கவில்லை. என் பிளேயரின் உறை பல நாளாகக் கிழிந்து கிடந்தது. அதன்மேல் கறுப்பு டேப் ஆறு சுற்று சுற்றி வைத்திருந்தேன். இடது கையைப் பாக்ஸில் ஊன்றிக்கொண்டு வலது கையால் பிளேயரை இறுக்கினேன். அவ்வளவுதான். விரல்கள் தானாக மூடிக்கொண்டன, விடவே முடியவில்லை. ஸ்டூல் சாய்ந்ததால் பிழைத்தேன். 5 ஆம்பியர் பியூஸ் போகவே இல்லை. போகாதுதான், உயிரை எடுக்க அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

மறுநாள் அந்த டேப்பைப் பிளேடால் கீறிப் பிரித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் அழுந்தும் இடத்தில், உறை கிழிந்த ஓரத்தில், இரும்பின் பிசிறு ஆறு சுற்றையும் ஊசி மாதிரி துளைத்திருந்தது. மற்ற இடத்தில் பசை இளகி, வேர்வையும் கிரீஸும் அழுக்கும் சேர்ந்து சுற்றுக்குச் சுற்று உள்ளே இறங்கியிருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும். கோளாறே அந்தப் பளபளப்புதான்.

டேப் கரண்டைத் தடுக்காது என்று நான் சொல்லவில்லை. ஒயர் ஜாயிண்டில் சுற்றினால் வருடக்கணக்கில் தடுக்கும். ஆனால் ஜாயிண்ட் அசையாமல் கிடக்கும், அதை யாரும் பிசைவதில்லை. கைப்பிடியோ நாள் முழுக்கக் கைக்குள் அழுந்தி, உரசி, பைக்குள் உளியோடும் ஆணியோடும் முட்டி, டிவிஎஸ் 50 பெட்டியில் வெயிலில் வெந்து கிடக்கிறது. கரண்ட் வேலைக்கென்றே செய்யும் பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பதித்திருக்கும். அந்தத் தரத்துக்கு 10,000 வோல்ட் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்தானே, இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் ஈரக் கையையும் ஈரத் தரையையும் கணக்கில் சேர்ப்பதில்லை. உறை கிழிந்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பு போய்விட்டது. எத்தனை சுற்று சுற்றினாலும் திரும்ப வராது.

பிடிமானத்துக்குச் சுற்றுவதில் எனக்குக் குறையே இல்லை, நானே சுற்றுகிறவன்தான். சுத்தியல் காம்பில் அடிநுனியில் ஆரம்பித்துத் தலையை நோக்கி மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட வேண்டும். இப்படிச் சுற்றினால், வேர்வையில் கை கீழே வழுக்கும்போது டேப்பின் ஓரம் சுருளாது. மேலிருந்து கீழே சுற்றிப் பாருங்கள், ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் சுருண்டு கையில் பசை ஒட்டும். கடைசி இரண்டு சுற்றை மட்டும் இழுக்காமல் தளர விட்டு ஒட்ட வேண்டும். இழுத்து ஒட்டினால் நுனி மறுநாளே நாக்கை நீட்டும்.

பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். என் அப்பா அதில் கிழிசலாகக் கிடைப்பதை வாங்கிவந்து மண்வெட்டிக் காம்பில் சுற்றுவார். வேர்வையை உறிஞ்சும், ஆனால் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். எனக்குப் பிடித்தது பழைய சைக்கிள் டியூப். அரை அங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்துப் பிடித்துச் சுற்றினால் பசையே வேண்டாம்.

ஒன்று மட்டும். காம்பில் விரிசல் இருந்தால் அதன்மேல் சுற்றவே கூடாது. கருவேலங் காம்பானாலும் விரிசல் விரிசல்தான். டேப் அதை மறைக்குமே தவிரப் பிடித்து நிறுத்தாது. எங்கள் தெருவில் ஒருவர் ஓங்கிய சுத்தியலின் தலை கழன்று பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழுந்தது. அங்கே ஆள் இல்லாதது அவர் நல்ல நேரம்.

அந்தக் குறிப்பை நம்பி எத்தனை வீட்டில் இந்நேரம் டேப்பை எடுத்தார்களோ தெரியாது. அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சை வீட்டில் மாட்டியிருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

அந்த 1993 பிளேயர் இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பி முறுக்கவும் ஆணி பிடுங்கவும் வைத்திருக்கிறேன். சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: என் பையில் டேப் சுற்றியது எதுவாக இருந்தாலும் போர்டு பக்கம் கொண்டு போகாதே.

இப்படிக்கு,
ஒரு கம்பியாள்,
ராஜபாளையம்.