பெயர் சொல்ல முடியாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

சட்டவிரோத மருந்து வியாபாரத்தைத் தடுக்கும் பிரிவில் மூத்த அமலாக்க அதிகாரியாக இருந்த நான், இந்த மாதத்தோடு பொறுப்பை ஒப்படைக்கிறேன். கிளம்பும் முன் பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் வந்து சொல்ல வழியில்லை. எங்களுக்குத் தகவல் கொடுத்தது நீங்கள்தான் என்பது உங்களில் பலருடைய பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. தெரியவும் கூடாது. நான் உங்கள் வாசலில் வந்து நின்றால் அதுவே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். படிக்கும்போது "இது நான்தானே" என்று தோன்றினால், ஆம், நீங்கள்தான்.

ஒரு வழக்கு பிடிபட்டதும் செய்தியில் வருவது எங்கள் படம். மேசை நிறைய மாத்திரை அட்டைகள், பின்னால் வரிசையாக அதிகாரிகள். எல்லாவற்றையும் நாங்களே மோப்பம் பிடித்தோம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை அப்படித் தொடங்கிய வழக்குகள் குறைவு. எங்கோ ஒருவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிடாமல் யாரிடமாவது சொல்லியிருப்பார். எங்கள் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

முதல் நன்றி அந்த மருந்தாளுநர் அம்மாவுக்கு. உடல் எடை குறைய இணையத்தில் வாங்கிய ஊசிப் பேனா ஒன்றை எடுத்துவந்து, இதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று ஒருவர் உங்களிடம் கேட்டார். உங்கள் கடையில் வாங்கியதல்ல. "வாங்கிய இடத்திலேயே கேளுங்கள்" என்று சொல்லியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். லேபிளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பெட்டியில் ஒரு தொகுதி எண், பேனாவில் வேறொரு எண். அவரை அதைப் போட்டுக்கொள்ள விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள். பேனாவைத் தனியாக ஒரு பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தீர்கள். தயாரிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த எண்ணில் அப்படி ஒரு சரக்கே வெளிவரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகு எங்களை அழைத்தீர்கள்.

மேல் லேபிளை உரித்தால் உள்ளே இருந்தது இன்சுலின் பேனா. சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் அந்த அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டால் ரத்தச் சர்க்கரை சரிந்து நினைவிழப்பார், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். சர்க்கரை நோய்க்கும் எடை குறையவும் போடப்படும் செமாகுளூட்டைடு ஊசியின் போலியைப் போட்டுக்கொண்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 2023-இல் ஆஸ்திரியாவில் இப்படித்தான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளூட்டைடு குறித்து எல்லா நாடுகளையும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் படித்தபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. அந்த ஒரு பேனாவிலிருந்து ஒரு கிடங்குக்குப் போனோம். அங்கே லேபிள் அச்சடிக்கும் இயந்திரமும் இருந்தது. நீங்கள் நீதிமன்றத்துக்கு வரவேண்டிய தேவை எழவில்லை. அதனால் என்ன நடந்தது என்று யாரும் உங்களிடம் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது சொல்லிவிட்டேன்.

எங்கள் முன்வரவேற்பு மேசையில் உட்கார்ந்து புகார்களை வாங்கியவர்களுக்கு அடுத்த நன்றி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் எப்போதும் எதுவார்தோ அரியாஸ் என்ற மனிதரைப் பற்றிச் சொல்வேன். பனாமாவில் 2006-இல், கிளிசரின் என்ற பெயரில் வந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் இருமல் மருந்தில் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அரியாஸ் ஒரு மலிவு விலைக் கடையில் பற்பசைக் குழாய் ஒன்றின் லேபிளைப் படித்தார். அதே பெயர் அதில் இருந்தது. அவர் மருத்துவரோ வேதியியலாளரோ அல்ல. அரசாங்க வேலையில் இருந்த சாதாரண ஊழியர், பூர்வகுடி குணா இனத்தவர். அந்தக் குழாயைக் காசு கொடுத்து வாங்கி, விடுப்புப் போட்டுவிட்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனார். அங்கே போ, இங்கே போ என்று அலையவிட்டார்கள். மூன்றாவது அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு உலகின் பல நாடுகளில் அந்தப் பற்பசை கடைகளிலிருந்து அகற்றப்பட்டது.

இரண்டாவது அலுவலகத்தோடு அவர் சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பியிருந்தால்? இந்தக் கேள்வி என்னை நிறைய உறுத்தியிருக்கிறது. அதனால்தான் எங்கள் முன்மேசை ஊழியர்கள் மீது எனக்கு இத்தனை மரியாதை. கசங்கிய பையில் நாலு மாத்திரையோடு வந்த பெரியவரையும், பாதி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு அழுத பெண்ணையும் நீங்கள் வேறு எங்கும் அனுப்பவில்லை. உட்காரவைத்துக் கேட்டீர்கள், எழுதி வாங்கினீர்கள், ரசீது கொடுத்தீர்கள்.

அஞ்சல் பிரிப்பகத்திலும் சுங்கத்திலும் இரவுப் பணி பார்த்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பொம்மை, துணி, அழகுசாதனம் என்று எழுதி வரும் சின்னச் சின்ன பார்சல்கள்தான் இன்றைய மருந்துக் கடத்தல். கப்பல் பெட்டியில் மொத்தமாக வந்தால் ஒரு முறை பிடித்தால் போதும். ஆயிரம் உறைகளாக உடைத்து அனுப்பினால் ஆயிரம் முறை பிடிக்க வேண்டும். 2008 முதல் இன்டர்போல் நடத்திவரும் பாஞ்சியா நடவடிக்கையின்போது பல நாடுகளின் சுங்கத்தாரும் காவல்துறையினரும் மருந்துக் கட்டுப்பாட்டாளர்களும் ஒரே நேரத்தில் பார்சல்களைச் சோதிப்பார்கள். அந்த நாட்களில் செய்தியாளர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் உங்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. அனுப்புநர் முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருக்க, கையெழுத்து மாறாமல் இருப்பதை உங்களில் ஒருவர் கவனித்தாரே, அதை எந்த எக்ஸ்ரே இயந்திரமும் செய்திருக்காது.

ஆய்வுக்கூடத்து நண்பர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். "இன்னும் முடிவு வரவில்லையா?" என்று உங்களை ஓயாமல் நச்சரித்தவன் நான். எத்தனை கஷ்டம் அந்த வேலையில் இருக்கிறது என்பதை உங்கள் மேசைப் பக்கத்தில் நின்று பார்த்தபிறகு என் அவசரம் கொஞ்சம் குறைந்தது. 1928-இல் ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலை வைத்து இயங்கும் கையடக்கக் கருவி இப்போது எங்கள் பையில் இருக்கிறது. அட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் மாத்திரையைப் பற்றி ஏதாவது சொல்லிவிடும். களத்தில் அது பெரிய உதவி. ஆனால் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதை அது தவறவிடலாம், உயிரைக் குடிப்பதும் பல நேரம் அந்தச் சிறிய அளவுதான். தூக்க மாத்திரை என்று விற்றதில் நைட்டசீன் வகை ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் மிக வீரியமான செயற்கைப் பொருள், இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் நீங்கள். அதைப் பொடித்துக் கரைக்கும் ஒவ்வொரு முறையும் ஆபத்து உங்கள் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அதற்கப்புறம் கூண்டில் ஏறி நிற்கவேண்டியதும் நீங்கள்தான். முத்திரையை எப்போது உடைத்தீர்கள், யார் முன்னால் உடைத்தீர்கள், இயந்திரத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை நடக்கும். கோபப்படாமல், குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பதில் சொன்னீர்கள். தீர்ப்பு நிலைத்தது அந்தக் குறிப்பேட்டால்.

பணம் போன வழியைத் தேடியவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், எங்களைவிட அதிகம் படித்துவிட்டு வாதாடிய அரசு வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர்களிடம் கூடுதலாக ஒன்று: போதைப்பொருளுக்குக் கிடைக்கும் தண்டனையோடு ஒப்பிட்டால் போலி மருந்துக்குப் பல இடங்களில் தண்டனை மிகக் குறைவு. ஐரோப்பிய மன்றம் 2011-இல் கையெழுத்துக்கு வைத்து 2016-இல் நடைமுறைக்கு வந்த மெடிகிரைம் உடன்படிக்கை இதைத் தனிக் குற்றமாகவே பார்க்கச் சொல்கிறது. அந்தப் பார்வையை நீங்கள் விடாமல் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தீர்கள். இனியும் வையுங்கள்.

ஒரு தாய்க்கு எழுதவேண்டிய பத்தி இது. பல நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

அம்மா, உங்கள் மகள் எடை குறைய வாங்கியது டி.என்.பி. அது மருந்தே அல்ல. வெடிபொருளிலும் சாயத்திலும் பயன்பட்ட வேதிப்பொருள். 1930-களில் எடை குறைக்க விற்கப்பட்டு, மனிதர் உட்கொள்ளவே தகாதது என்று 1938-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. உடலின் வெப்பத்தை உள்ளிருந்தே ஏற்றிவிடும். மாற்று மருந்து கிடையாது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒருவன் அதை மாத்திரைக்கூட்டில் அடைத்து ஒரு பெண்பிள்ளைக்கு விற்கிறான். காரியங்கள் முடிந்து சில நாட்களிலேயே மகளின் கைப்பேசியை நீங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தந்தீர்கள். "அவளுடைய போட்டோ எல்லாம் இதில்தான் இருக்கிறது, அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது மட்டுமே உங்கள் கோரிக்கை. அந்தப் போட்டோக்கள் முதலில் பத்திரமாக எடுக்கப்பட்டு உங்களுக்குத் தரப்பட்டன. அதில் இருந்த உரையாடல்களை வைத்து விற்றவனைப் பிடித்தோம். அதே ஆளிடம் வாங்கியிருந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப்போய் மாத்திரைகளைத் திரும்ப வாங்கினோம். அவர்களில் யாருக்கும் உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வெட்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவர்களுக்கும் நன்றி. ஆண்மைக் குறைவுக்கு "முழுக்க மூலிகை" என்று வாங்கியதில், வயாக்ராவில் இருக்கும் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்து இருந்தது. எடை குறையச் சாப்பிட்ட பொடியில், இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமைன் இருந்தது. இப்படிப்பட்ட சரக்கை விற்பவன் நம்பியிருப்பது, ஏமாந்தவர் வெளியில் சொல்லமாட்டார் என்பதைத்தான். நீங்கள் சொன்னீர்கள். மனைவிக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டே சொன்னவரும் உண்டு. உங்களைக் குற்றவாளியாக யாரும் பார்க்கவில்லை. ஏமாற்றப்பட்டவர் கூனிக் குறுக வேண்டியதில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த அதிகாரி இப்போது உயிரோடு இல்லை. அவர் அடிக்கடி சொன்னது 1937-இல் அமெரிக்காவில் நடந்தது. எலிக்சிர் சல்ஃபனிலமைடு என்ற திரவ மருந்தில் அதே டைஎத்திலீன் கிளைக்கால். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். விற்றுப்போன குப்பிகளைத் தேடி ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். மருந்தை வாங்கிய ஒரு குடும்பம் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அவர்களுடைய மூன்று வயதுப் பையனைத் தேட, ஒரு மருத்துவர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்துவிட்டு அதிகாரியோடு கிளம்பினார். "சட்டத்தில் அவருக்கு அப்படி ஒரு கடமை இல்லை, பார்த்தாயா" என்பார் என் ஆசான். அதே நஞ்சு 2022-இல் காம்பியாவில் குழந்தைகளின் இருமல் மருந்தில் மறுபடி வந்தபோது, அவர் சொன்னதை என் குழுவுக்கு நான் சொன்னேன்.

பயம் வந்த நாட்களில் நான் நினைத்துக்கொண்டது நைஜீரியாவின் டோரா அகுன்யிலியை. போலி இன்சுலினால் தங்கையை 1988-இல் பறிகொடுத்தவர். 2001-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமைக்கு வந்து போலி மருந்துக் கும்பல்களோடு நேருக்கு நேர் மோதினார். 2003-இல் அவர் காரின் மீது சுட்டார்கள். குண்டு அவரது தலைத்துணியைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் வேலையை விடவில்லை. எனக்கு மிரட்டல் வந்த காலத்தில் என் வீட்டில் ஒருவரும் என்னை வேலையை விடச் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியை மட்டும் மாற்றினார்கள். அவர்களுக்கு நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

சரி, கடைசியாக, இன்னும் வழக்கு முடியாத சாட்சிகளுக்கு. அதிகாரி மாறிவிட்டார், இனி நம் வழக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட வேண்டாம். கோப்புகள் எல்லாம் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கப்பட்டுவிட்டன. என் இடத்துக்கு வருபவர் உங்களை முதலில் தொலைபேசியில்தான் கூப்பிடுவார், சொல்லாமல் வீட்டுக்கு வரமாட்டார். பறிமுதல் செய்தது நான் என்பதால் சாட்சி சொல்ல நானும் வரவேண்டும். சம்மன் எந்தத் தேதியில் வந்தாலும் வருவேன். நீதிமன்ற வராந்தாவில் சந்திப்போம்.

நன்றியுடன்,
பொறுப்பை ஒப்படைக்கும் மூத்த அமலாக்க அதிகாரி