ஸ்பிட்ஃபயர் காத்திருக்கட்டும்

பொள்ளாச்சி

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் நேற்று வந்தது. மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாயும் சேயும் நலமாக இருக்கட்டும். என் முழங்கால் பரவாயில்லை. தாமஸ் வழக்கம்போலத் தொலைபேசியை எடுப்பதில்லை. இத்துடன் நலம் விசாரிப்பை நிறுத்திக்கொண்டு உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ரிமோட் விமானம் வாங்கிப் பறக்கவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். என்.சி.சி. விமானப் பிரிவில் என்னோடு உட்கார்ந்து பால்சா கட்டையை உப்புத்தாளால் தேய்த்தவன், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வானத்தைப் பார்க்கிறான் என்பதைவிட எனக்கு நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஆனால் முதல் விமானமே இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் மாதிரிதான் என்கிறாயே, அங்கேதான் உன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. எதையும் பெரிதாகவே தொடங்குவது உன் பிறவிக் குணம். சமையல் கற்றுக்கொள்ள எடுத்த எடுப்பில் பிரியாணியில் கை வைத்தவன் நீ. அந்த அண்டாவை யார் தேய்த்தது என்பது உனக்கு நினைவிருக்கும்.

ஸ்பிட்ஃபயரின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் அந்த நீள்வட்ட இறக்கை, வேகம் குறையும்போது முனைப் பக்கமாகத் தூக்குவிசையை இழந்தால், விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தலைகுப்புற விழுந்துவிடும். எடை அதிகம் என்பதால் வேகமாகத்தான் தரையிறங்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் நெருங்கி அமைந்திருப்பதால், இறங்கிய பிறகும் கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்கிறவனுக்குத் தேவையானது இதற்கு நேர்மாறான விமானம்: இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும், அதன் இரண்டு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், உன் கையிலுள்ள கருவியின் குச்சியை நடுவில் விட்டுவிட்டு நீ காத்திருந்தாலே போதும், தாழ்ந்த இறக்கை தானாக எழும்பிச் சமநிலைக்கு வந்துவிடும். தொடக்கக்காரனுக்கு வேண்டியதெல்லாம் யோசிப்பதற்கான அந்த இரண்டு வினாடிதான், அதை இந்த விமானம் தருகிறது, ஸ்பிட்ஃபயர் தராது.

அந்த இரண்டு வினாடி எதற்கு என்று கேட்பாய். விமானம் உன்னைவிட்டு விலகிப் போகும்வரை எல்லாம் எளிது. வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். அது திரும்பி உன் முகத்தை நோக்கி வரத் தொடங்கியதும் இடமும் வலமும் மாறிவிடும். வலப்பக்கம் தள்ளினால் உன் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். புதியவர்களின் விமானங்களில் பெரும்பாலானவை விழுவது இந்தக் கணத்தில்தான் என்பதை எங்கள் மைதானத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இதற்கு ஒரு வழி உண்டு. விமானம் உன்னை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். படிக்கும்போது இது ஒரு வரி. விரல்களுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் விமானம் ஓட்டுவதைத் திரையிலேயே பழக்கும் சிமுலேட்டரில், கணினியில் பழகு. பிக்காசிம் போன்ற இலவச மென்பொருளே போதும். அங்கே நூறு முறை விழுந்தாலும் உடைவது ஒன்றுமில்லை.

அடுத்தது விமானம். கடையில் முழுதாக வாங்காதே, நீயே செய். விலையை நினைத்துச் சொல்லவில்லை. உன் கையால் வெட்டி ஒட்டிய இறக்கை உடைந்தால் அன்று மாலையே உன்னால் மீண்டும் ஒட்ட முடியும் என்பதால் சொல்கிறேன். விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் சன்போர்டு என்ற இலேசான நுரைப்பலகை கிடைக்கும். அதோடு ஒரு குளூ கன், டேப், ஓரடி அளவுகோல், புது பிளேடு இருந்தால் உடற்பகுதி தயார். அதற்குள் ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி., இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் ஒன்பது கிராம் சர்வோக்கள் சில, லித்தியம் பாலிமர் வகையான மூன்று செல் லைப்போ பேட்டரி. கையில் பிடித்து விமானத்தை ஓட்டும் கருவியான டிரான்ஸ்மிட்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. விமானங்கள் வரும் போகும், அது உன் கையிலேயே இருக்கப் போவது. நம் காலத்தில் ஒரே அலைவரிசைக் கிரிஸ்டலை இருவர் போட்டுவிட்டால் ஒருவருடைய விமானம் விழுவது உறுதி என்பார்களே, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகள் வந்தபின் அந்தக் கவலை இல்லை. விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் தனக்கு இணைத்த டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் பறக்கவிடத் துடிப்பாய். அப்போது எடைச் சமநிலை பார்க்கிற ஒரே ஒரு வேலைக்காக உட்கார். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு கோடு போடு. அந்தக் கோட்டின்கீழ் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து விமானத்தைத் தூக்கு. மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் பேட்டரியை ஒட்டியிருக்கும் வெல்க்ரோவைப் பிரித்து அரை அங்குலம் முன்னே தள்ளி மறுபடி தூக்கிப் பார். தேவையானால் இன்னும் அரை அங்குலம் தள்ளு. மூக்குக் கனமான விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் திரும்பி வரும். வால் கனமான விமானத்தைக் கட்டுப்படுத்த எங்கள் மைதானத்தில் உள்ள பழைய கைகளே திணறுகின்றன.

இனி எழுதப் போவதை ஒருமுறைக்கு இருமுறை படி. சென்ற மாதம் இங்கே ஒரு கல்லூரிப் பையன், மேசையில் வைத்து மோட்டாரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, புரொப்பெல்லரைக் கழற்றாமல் இருந்திருக்கிறான். சட்டைக்கை டிரான்ஸ்மிட்டரின் வேகக் குச்சியில் பட்டு மோட்டார் சுழன்றுவிட்டது. இரண்டு விரல்களில் தையல் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மோட்டாரை வீட்டுக்குள் சோதித்தால் புரொப்பெல்லர் அதில் இருக்கவே கூடாது, ராமநாதா. டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு அதன்பின்தான் விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும், நிறுத்தும்போது பேட்டரியை முதலில் கழற்ற வேண்டும். லைப்போ பேட்டரி வேறு வகை ஆபத்து. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதே, மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதே, நாள்கணக்கில் வைப்பதானால் 3.8 வோல்ட்டில் வை. சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இரு. உப்பிய பேட்டரியைப் பாவம் பார்க்காமல் ஒதுக்கிவிடு. பேத்தி தவழப் போகிற வீடு அது.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். இரண்டு கிலோ வரையுள்ளதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உன் திடல், முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், பதிவு விதிகளையும் படித்துவிடு. பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர்தான் உச்சவரம்பு. கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டி விடக்கூடாது. காற்றைப் பொறுத்தவரை உனக்கு யோகம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எங்களை ஆனி ஆடியில் மைதானத்துப் பக்கமே விடுவதில்லை. அம்மியே பறக்கும் காற்றில் சன்போர்டு எம்மாத்திரம்? காரைக்குடியில் வெயில் ஏறுமுன் போய்விட்டால் உனக்குப் பல மாதங்கள் கிடைக்கும்.

இந்த வயதில் விரல் படியுமா, கண் எட்டுமா என்று நடுவே ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் கோபமாகவே பதில் எழுதுகிறேன். 2003 ஆகஸ்டில், ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள ஒரு மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, 38 மணி 52 நிமிடத்தில் அயர்லாந்தின் கடற்கரையில் இறங்கியது. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நடுக்கடலில் தானியங்கிக் கருவி ஓட்டியது என்றாலும், அதைக் கையால் செய்து உருவாக்கிய மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கருக்கு அப்போது வயது 77. பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது, காதும் சரியாகக் கேட்காது. முந்தைய முயற்சிகளின் விமானங்களைக் கடலிடம் இழந்த பிறகுதான் இது கரை சேர்ந்தது. அவரைவிடப் பதினைந்து வயது இளையவன் நீ. இனி வயதைப் பற்றி எனக்கு எழுதாதே.

தை பிறந்ததும் இங்கே வந்து பத்து நாள் தங்கு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், விமானம் உன் கட்டுப்பாட்டில் பறக்கும். அது உன் கையை மீறும்போது நான் ஒரு பொத்தானை விட்டதும் என் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். நான் கற்றதும் அப்படித்தான், இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அதற்கு நம் இருவர் கருவிகளும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே டிரான்ஸ்மிட்டர் வாங்குமுன் மாடலின் பெயரை எனக்கு எழுதி அனுப்பு. வேகக் குச்சி இடப்பக்கம் இருக்கிற மோட் 2 வகையாகவே கேட்டு வாங்கு.

அன்புடன்,
கோபால்