பாம்பன் பாலம் பார்க்கப் போகிறோம்: எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் வெள்ளிக்கிழமை மதியம் பாம்பன் பாலத்துக்கு அழைத்துப் போகிறோம். பிறந்ததிலிருந்து பார்க்கிற பாலத்துக்கு ஒரு சுற்றுலாவா என்று சிலர் கேட்டீர்கள். பஸ்ஸில் கடந்திருக்கிறார்கள்; நின்று பார்த்ததில்லை.

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மட்டம் குலையாமல் 17 மீட்டர் மேலே ஏறும். 1914-ல் வந்த பழைய தூக்குப் பாலமோ நடுவில் பிரிந்து இருபக்கமும் மேல்நோக்கித் திறந்தது. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். அறிவியல் ஆசிரியர் அங்கேயே விளக்குவார். கப்பலோ பெரிய படகோ வந்தால்தான் தூக்குவார்கள், எனவே அந்தக் காட்சி கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் உறுதி சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியும் அங்கே போன ரயிலும் அழிந்தது பிள்ளைகளுக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரியாது. பழைய ரயில் பாலத்தின் கர்டர்களை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களை, கடல் கொண்டுபோனது. தூக்குப் பகுதி தப்பியது. கர்டர்கள் கிடந்த இடத்தை மீனவர்கள் துப்புச் சொல்ல, தூக்கியெடுத்து மறுபடி பொருத்தினார்கள். ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்த வேலை, இளம் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் முடிந்தது.

உங்களிடம் ஓர் உதவி. ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-ல்தான் திறந்தது. அதற்கு முன் அக்கரை போக ரயிலை விட்டால் படகு. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் என்ன செய்தார்கள், காற்று மிஞ்சி ரயில் நின்ற நாளில் அரிசி பருப்புக்கு என்ன வழி என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் டிவியை நிறுத்திவிட்டு உட்காரவையுங்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். அந்தப் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த வீடுகளில் பேச மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பாலத்தில் வண்டிகள் ஓயாமல் வரும். கைப்பிடிச் சுவரில் ஏறக் கூடாதென்று நீங்களும் சொல்லியனுப்புங்கள். காற்று பலமாக வீசினால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்போம். கட்டணம் எதுவுமில்லை, தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொடுத்துவிடுங்கள். இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் அனுப்பவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்