சான்றிதழ் கொடுப்பவருக்குப் பணம் கொடுப்பது யார்?

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் கார் ஓட்டும் உரிமம் வாங்கிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. காலை ஏழரை மணிக்கே டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. என்னோடு சேர்த்து நாலு பேர். டெஸ்ட் கிரவுண்டில் என் முறை வந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் கற்றுக்கொடுத்தவர். பயிற்சி வண்டி என்பதால் அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. "ஸ்டியரிங்கை மட்டும் நேராப் பிடிங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். வண்டி ஐம்பது அடி போயிருக்கும். வெளியே நின்ற பிரேக் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளை விட்டுக் கண்ணை எடுக்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சில நாளில் உரிமம் வீட்டுக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் என் வண்டி அணைந்து பின்னால் உருண்டது. எதை முதலில் மிதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. அதன் முன்பக்கம் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். ஓட்டி வந்த அம்மா இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தன் வண்டியைப் பின்னுக்கு இழுத்தார். ஒரு முழ இடைவெளியில் ஹேண்ட்பிரேக் பிடித்தது. அந்தச் சிறுமியின் முகத்தை நான் மறக்கவில்லை. அன்று என்னிடம் இருந்தது போலி உரிமம் அல்ல, அரசு கொடுத்த அசல் உரிமம்.

அந்த உரிமத்துக்காக நான் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டினேன், அவ்வளவுதானே? அந்த நினைப்பைக் கலைத்தது பொருளாதாரத்தில் நடந்த ஓர் ஆய்வு. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரேமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வர் தில்லியில் நடத்தி 2007இல் வெளியிட்டது. உங்கள் அமைச்சகத்தில் உரிமம் பற்றிய கோப்பைத் தொடும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உரிமம் வாங்க வந்த 822 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். விரைவாக உரிமம் வாங்கினால் ஊக்கத்தொகை என்று ஒரு பிரிவுக்குச் சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு இலவசமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவை அப்படியே விட்டார்கள். உரிமம் கைக்கு வந்ததும், முன்னறிவிப்பில்லாமல் தனியாக ஒரு ஓட்டுத் தேர்வு வைத்தார்கள். உரிமம் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் அரசின் ஓட்டுத் தேர்வுக்கே போகவில்லை. பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஓட்டத் தெரியவில்லை. அரசுக் கட்டணம் 450 ரூபாய். சராசரியாக அவர்கள் செலவழித்தது ஏறத்தாழ 1,100 ரூபாய். முறைகேடாகப் போன பணம் ஏறத்தாழ முழுவதும் ஏஜெண்டுகள் வழியாகப் போனது. கவுண்டரில் நேராகக் காசு நீட்டியவர் அநேகமாக யாருமில்லை. 'லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்' என்று சுவரில் எழுதியிருக்கும் வாசகம் என்னைப் போன்றவர்களைத் தொடாமல் போவது இதனால்தான். கொடுத்தவருக்கும் தான் கொடுத்தது தெரியாது.

லஞ்சம் என்பது துருப்பிடித்த சக்கரத்துக்கு இடும் எண்ணெய், வேலையாவது சீக்கிரம் நடக்கிறதே என்று 1960களில் பொருளாதார அறிஞர்கள் சிலரே வாதிட்டார்கள். டீக்கடையில் இன்றும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். தில்லி ஆய்வில் வேலை சீக்கிரம் நடந்தது உண்மைதான். ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டவர்கள் விரைவாக உரிமம் வாங்கினார்கள். ஆனால் அப்படி வாங்கியவர்களில்தான் ஓட்டத் தெரியாதவர்கள் அதிகம். ஏஜெண்ட் இல்லாமல் நேர்வழியில் போனவர்களோ, நன்றாக ஓட்டினாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஃபெயில் ஆக்கப்பட்டார்கள். திறமைக்கும் தேர்வு முடிவுக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. இதில் என்னைப் போன்ற விண்ணப்பதாரருக்கு இழப்பு சில நூறு ரூபாய். பெரிய இழப்பு, இந்தப் பேரத்தில் கலந்துகொள்ளாத அந்த ஸ்கூட்டர் அம்மாவுக்கும் சிறுமிக்கும்.

2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் என் மாநிலமான தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. விபத்தில் சிக்கிய வண்டிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தது என்பதும் அதே அறிக்கையில் உள்ளது. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் உரிமம் வைத்திருப்பவர்கள்தான் என்பதால் அந்த எண்ணை வைத்து மட்டும் நான் எதையும் நிறுவ முடியாது. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் ஓட்டத் தெரியும் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் பத்தி இல்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு விதி கொண்டுவந்தீர்கள். இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சி, சிமுலேட்டர், தனி ஓடுதளம் என்று அதில் நல்லவை பல இருக்கின்றன. எனக்கு அப்படி ஒரு பயிற்சி கிடைத்திருந்தால் அந்த மேம்பாலத்தில் வண்டி உருண்டிருக்காது. ஆனால் அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டத் தேவையில்லை என்றும் விதி சொல்கிறது. கற்றுக்கொடுப்பவரே தேர்வும் வைப்பார். அவருக்குப் பணம் கட்டுபவர் தேர்வுக்கு வந்தவரே. கறாராக ஃபெயில் போடும் மையத்தை விட்டு, எல்லோரையும் பாஸ் போடும் மையத்துக்குக் கூட்டம் நகராமல் இருக்குமா? நேர்மையாக நடத்த நினைப்பவர்தான் முதலில் கடையைக் கட்டுவார்.

இது என் ஊகம் மட்டுமல்ல. குஜராத்தில் இதே அமைப்பு ஆலை மாசுத் தணிக்கையில் இருந்தது. 1996இல் உயர் நீதிமன்றத் தலையீட்டால் வந்த ஏற்பாடு அது. ஆலை தானே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து, தானே பணம் கொடுக்கும். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிக்கோலஸ் ரையான் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். புகைபோக்கியில் துகள்மாசுக்கான வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். தணிக்கை அறிக்கைகளில் பெரும்பாலான எண்கள் 150க்குச் சற்றுக் கீழே வந்து குவிந்திருந்தன. அறிக்கைப்படி வரம்பை மீறியவை 7 சதவீதம். தனிக் குழு போய் அளந்தபோது 59 சதவீதம்.

பிறகு ஆலைகளில் ஒரு பாதிக்கு விதியை மாற்றினார்கள். எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பணம் பொது நிதியிலிருந்து, முன்பே நிர்ணயித்த தொகையாக வந்தது. அளந்த இடங்களில் சிலவற்றை இன்னொருவர் மறுபடி போய் அளந்தார். ஆட்கள் மாறவில்லை, அவர்களுக்கு யாரும் நீதிபோதனை செய்யவுமில்லை. ஆனாலும் பொய்யாக 'வரம்புக்குள்' என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. 2015இல் குஜராத் அரசே குலுக்கல் முறையை ஏற்றுக்கொண்டது.

அதே மூன்று மாற்றங்களைத்தான் பயிற்சி மையங்களுக்கும் கேட்கிறேன். பயிற்சி அங்கேயே நடக்கட்டும். தேர்வு வைக்க வருபவர் வேறு மாவட்டத்திலிருந்து, கணினி பொறுக்கும் ஆளாக வரட்டும். தேர்வுக் கட்டணத்தை மையத்தில் கட்டாமல் அரசின் பொதுக் கணக்கில் கட்டச் செய்யுங்கள். ஒவ்வொரு மையத்திலும் தேறியவர்களில் சிறு பகுதியினரை ஒரு மாதத்துக்குள் மறுதேர்வுக்கு அழையுங்கள். இதில் மூன்றாவதுதான் மிக முக்கியம் என்பது என் கருத்து. இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைப் பணிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஓல்கன், போட்ட சாலையைத் தோண்டி எடுத்து அளந்து பார்த்தார். கட்டாயம் தணிக்கை வரும் என்று முன்பே சொல்லப்பட்ட கிராமங்களில் காணாமல் போன பணம் கணிசமாகக் குறைந்தது. தோண்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் ஜல்லி ஒழுங்காக விழுகிறது.

மறுதேர்வு ஏழைகளை அலைக்கழிக்கும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான கவலை. அதனால் மறுதேர்வில் தவறியவரைத் தண்டிக்க வேண்டாம். சான்றிதழ் கொடுத்த மையம் தன் செலவில் அவருக்கு மறுபடி கற்றுக்கொடுக்கட்டும். எந்த மையத்தில் எத்தனை பேர் தவறினார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். குறிப்பிட்ட அளவைத் தாண்டும் மையத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

பழைய உரிமதாரர்களையும் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நீங்கள் நினைத்தால், முதல் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மேம்பாலத்துக்குப் பிறகு ஒரு பழைய லாரி ஓட்டுநரிடம் இரண்டு மாதம் முறையாகக் கற்றுக்கொண்டேன். நாளையும் இடத்தையும் சொல்லுங்கள், வந்து ஓட்டிக் காட்டுகிறேன். பக்கத்து சீட்டில் யாரும் வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் உரிமதாரர்