தோர்ஷாவ்னிலிருந்து மணிக்கு

தோர்ஷாவ்ன், பரோயே தீவுகள்,
ஜனவரி 2023

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து கடைத்தெரு வரை நடக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. மகளுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே நான் நலம். இந்தப் பருவத்தில் பகல் என்று பார்த்தால் ஐந்து மணி நேரம் சொச்சம்தான், அதிலும் பாதி மழை. மீன் தொழிற்சாலையில் வேலைக்கு மட்டும் குறைவில்லை.

"சொந்த மொழி, சொந்தக் கொடி, கை நிறைய மீன். பிறகு எதற்கு இந்தத் தீவுக்காரர்கள் டென்மார்க்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். டிசம்பர் 8 அன்று இங்கே நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டதால் பதில் சொல்லும் தெம்பு வந்திருக்கிறது.

டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் இந்தப் பரோயே தீவுகளில் மக்கள்தொகை ஏறக்குறைய 54,000. இவர்களுடைய சொந்த நாடாளுமன்றத்தில் 33 இடங்கள். நாம் இரண்டு பக்கம் பார்த்தே பழகியவர்கள். இங்கே நான்கு பக்கம். சமூக ஜனநாயகக் கட்சி இடதுசாரி, ஆனால் டென்மார்க்கை விட்டுப் போக அவசரமில்லை. குடியரசுக் கட்சியும் இடதுசாரிதான், அதற்குத் தனி நாடு வேண்டும். இணைப்புக் கட்சி வலதுசாரி, பெயரே சொல்வதுபோல டென்மார்க்கோடு இருக்கவேண்டும் என்பது. மக்கள் கட்சி வலதுசாரி, ஆனால் சுதந்திரத்தின் பக்கம். யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பதில்லை. ஆகவே கூட்டணி பேச உட்காரும்போதே, இடமா வலமா, தனி நாடா டென்மார்க்கா என்ற இரண்டு சண்டைகளில் ஒன்றை மூட்டை கட்டி வைத்தாகவேண்டும். வரி, மீன், மருத்துவமனை பற்றி ஒத்துப்போகிறவர்கள் சேர்ந்தால் சுதந்திரம் பரணுக்குப் போகும். சுதந்திரம் வேண்டும் என்பவர்கள் சேர்ந்தால் வரியில் முட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது வகையும் நடந்திருக்கிறது. 1998 இல் சுதந்திரக் கட்சிகள் வலமும் இடமுமாகச் சேர்ந்து ஆட்சி அமைத்து, டென்மார்க்கோடு பேச்சு நடத்தின. டென்மார்க் ஆண்டுதோறும் தரும் மானியத்தைப் படிப்படியாகக் குறைக்கப் பதினைந்து ஆண்டு அவகாசம் கேட்டார்கள். நான்கே ஆண்டில் நிறுத்திவிடுவேன் என்றார் டென்மார்க் பிரதமர். 2001 மே மாதத்துக்குத் திட்டமிட்ட பொதுவாக்கெடுப்பு நடக்காமலே போயிற்று. இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 64 கோடி குரோனர் அங்கிருந்து வருகிறது.

அதற்கும் முன்னால் 1946 இல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இருநூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் பிரிவினை வென்றது. நாடாளுமன்றப் பெரும்பான்மை சுதந்திரம் என்று அறிவித்தது. டென்மார்க் அரசர் அந்த நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார். அடுத்து வந்த தேர்தலில் பிரிய விரும்பாத கட்சிகள் வென்றன. 1948 இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளாகிறது, அந்தக் கணக்கை இன்னும் யாரும் முடிக்கவில்லை.

இந்தத் தேர்தல் வந்த கதை வேறு. அப்போதைய பிரதமர் பார்டுர் ஸ்டெய்க் நீல்சனின் ஆட்சி மூன்று வலதுசாரிக் கட்சிகளின் கூட்டணி, 33 இல் 17 பேர். நம் ஊராக இருந்தால் பதினேழு பேரையும் ஏதாவது விடுதியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வெளியுறவு அமைச்சர் யெனிஸ் அவ் ரானா, இரண்டே இடம் வைத்திருந்த மையக் கட்சியின் தலைவர், தீவிர மதப்பற்றாளர். 2010 இல் ஐஸ்லாந்துப் பெண் பிரதமர் தம் மனைவியோடு வந்தபோது விருந்தில் உட்கார மறுத்தவர். இப்போது டென்மார்க்கின் கன்சர்வேட்டிவ் தலைவர் தன்பாலினத்தவர் என்பதால் அவரைப் பிரதமராக ஆதரிக்க முடியாது என்றார். நீல்சன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார், மையக் கட்சி விலகியது, பெரும்பான்மை போயிற்று. நீல்சன்மீது எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆட்சி கவிழும் என்று தெரிந்தே நீக்கியதில் கொஞ்சம் கூடிவிட்டது.

ஆறு வாரத்துக்குள் இரண்டு தேர்தல்! முதலாவது டென்மார்க் நாடாளுமன்றத்துக்கு. அங்கே இவர்களுக்கு இரண்டு இடங்கள். டென்மார்க் முழுவதும் நவம்பர் 1 அன்று வாக்களித்தது. இங்கே அது கடலில் மாண்டவர்களை நினைவுகூரும் நாள், அன்றைக்குத் தேர்தலா என்று ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 31 இல், முடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவதான டிசம்பர் 8 தேர்தலில் எனக்கு வாக்கு இல்லை, அதற்கு டேனிஷ் குடியுரிமை வேண்டும். ஆனால் உணவுக்கூடத்தில் காது திறந்திருக்கிறதே. 2008 முதல் தீவுகள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதி. கட்சிக்கும் போடலாம், பட்டியலில் உள்ள ஆளின் பெயருக்கும் போடலாம். எங்களோடு சால்மன் வெட்டும் ஓர் அம்மாவின் அத்தை மகன் தேர்தலில் நின்றான். "அவன் நல்ல பிள்ளை, ஆனால் அவனுக்குப் போட்டால் அந்தக் கட்சிக்கும் அல்லவா சேர்ந்து போகும்" என்று கையுறையைக் கழற்றாமலே புலம்பிக்கொண்டிருந்தார். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வாக்கு என்கிற ஊரில் இது சின்னக் கவலை இல்லை. கடைசியில் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

முடிவு இதுதான்: சமூக ஜனநாயகக் கட்சிக்கு 9 இடம், இணைப்புக்கு 7, மக்கள் கட்சிக்கும் குடியரசுக்கும் ஆறாறு, முன்னேற்றக் கட்சிக்கு 3, மையக் கட்சிக்கு அதே 2. நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய சுயாட்சிக் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே சமூக ஜனநாயகக் கட்சியின் அக்செல் யொஹான்னசென் பிரதமராகிவிட்டார். அவர் கட்சி, குடியரசு, முன்னேற்றம் மூன்றும் சேர்ந்து 18. அமைச்சராகிறவர்கள் அவையில் தம் இடத்தை விட்டுவிட, பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருகிறார். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

குடியரசுக் கட்சித் தலைவர் ஹோக்னி ஹொய்டால் இப்போது வெளியுறவு அமைச்சர். வாழ்நாள் முழுவதும் தனி நாடு கேட்டவர், டென்மார்க்கோடு இருப்பதில் குறையில்லை என்பவர்களோடு அமர்ந்திருக்கிறார். கொள்கையை விற்றுவிட்டார் என்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீன். மீன்பிடி உரிமை யாருக்கு என்பதே இங்கே உண்மையான சொத்துத் தகராறு. முன்பு மீன்வளத் துறையில் இருந்தபோது உரிமைகளில் ஒரு பகுதியை ஏலத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்; 2019 இல் வந்த வலதுசாரிகள் ஏலத்தைத் தூக்கி எறிந்தார்கள். நாடு பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் அந்த மீனின் காசு சிலர் கைக்கு மட்டும் போகக்கூடாது என்கிறவர், முதலில் இதைப் பிடித்துக்கொண்டதில் என்ன தவறு? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ரஷ்யாவோடு மீன்பிடி ஒப்பந்தத்தை நவம்பரில் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் பழைய ஆட்சியாளர்கள். உக்ரைன் போருக்கு நடுவே அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

அதெல்லாம் இருக்கட்டும். உன் குடியிருப்போர் சங்கத் தேர்தல் என்னவாயிற்று? போன கடிதத்தில் ஏழு பேர் குழுவில் மூன்று பேர் உன் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம், பொருளாளர் நடுவில் என்று நிறுத்திவிட்டாய். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார், எதைக் கேட்டு வாங்கிக்கொண்டு சாய்ந்தார், விவரமாக எழுது.

அன்புடன்,
சேகர்